பழைய லாரியில் என்ஜின் ஆயிலோடு டீசல் கலக்கிறதா? கண்டுபிடிக்கும் முறை

"வண்டி ஆயிலே குடிக்க மாட்டேங்குது" என்று பழைய லாரிக்காரர்கள் சந்தோஷமாகச் சொல்லும்போது எனக்குக் கவலைதான் வரும். லைனரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் உறை) ரிங்கும் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) தேய்ந்த என்ஜின் கொஞ்சமாவது ஆயில் குடிக்கும். அப்படியும் கேஜில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பியில்) மட்டம் இறங்கவில்லை என்றால், எரிந்துபோன ஆயிலுக்குப் பதிலாக வேறு ஏதோ சம்பில் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில்) சேர்கிறது. அது பெரும்பாலும் டீசல்தான். ஆகவே மட்டம் ஏறினால் மட்டுமல்ல, அசையாமல் நின்றாலும் பாருங்கள்.

லாரிகளில் ஊற்றும் 15டபிள்யூ-40 ரக என்ஜின் ஆயிலின் பிசுக்கு (கெட்டித்தன்மை) 100 டிகிரி சூட்டிலும் 12.5 சென்டிஸ்டோக்குக்கு (பிசுக்கை அளக்கும் அலகு) குறையக் கூடாது. டீசலுக்கோ 40 டிகிரியிலேயே 2 முதல் 4.5 வரைதான். இரண்டும் கலந்தால் பேரிங்குக்கு நடுவே நிற்க வேண்டிய ஆயில் படலம் மெலிந்துவிடும். ஆம்பூரில் தோல் லோடு ஏற்றி சென்னைக்கு ஓடும் வண்டியில், என்ஜின் சூடான பிறகு ஐடிலில் (ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) ஆயில் பிரஷர் முன்பைவிடத் தாழ்ந்து நின்றால் அதுவும் ஓர் அறிகுறி.

முதல் படி: அளவு

இரவெல்லாம் நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் பண்ணும் முன், சமதரையில் பாருங்கள். கேஜைத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். மட்டத்தையும் கிலோமீட்டரையும் டிரிப் ஷீட்டின் ஓரத்தில் எழுதுங்கள். ஒரு வாரம் ஆயில் ஊற்றாமல், தினமும் அதே இடத்தில் நிறுத்தி இப்படிக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது. மட்டம் ஃபுல் குறியைத் தாண்டியிருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். பிரீதர் (என்ஜினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாய்) வழியாகவும் ரிங் வழியாகவும் மேலே போகும் ஆயிலையே எரித்து என்ஜின் தறிகெட்டு ஓடலாம். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

இரண்டாம் படி: டீசலா, தண்ணீரா?

கேஜில் உள்ள ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். பிறகு டிஷ்யூ பேப்பரில் ஒரு சொட்டும், பக்கத்தில் புது ஆயில் ஒரு சொட்டும் விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். டீசல் இருந்தால் கருப்பு வட்டத்தைத் தாண்டி வெளிறிய எண்ணெய் வளையம் படரும். ஆயில் மோர் மாதிரி வெளுத்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் அது வேறு கோளாறு. தீக்குச்சி உரசிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். நம் நாட்டு டீசலுக்கு விதித்த குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை (அதன் ஆவி தீ பட்டால் பற்றும் சூடு) 35 டிகிரிதான். வேலூர்க் கத்திரி வெயில் அதைத் தாண்டிவிடும்.

மூன்றாம் படி: எந்த வழியாக வருகிறது?

முதலில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். கழித்த ஆயிலை கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். பாலாற்று மண்ணில் ஊற்ற வேண்டாம், அது ஏற்கெனவே தோல் கழிவைச் சுமக்கிறது. அடுத்து, செலவு குறைந்த இடத்திலிருந்து தேடுங்கள். டீசல் பம்பை எடுத்த எடுப்பில் இறக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

இன்லைன் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஓர் எலிமெண்ட் என வரிசையாக அமைந்த டீசல் பம்ப்) உள்ள வண்டியில், அதன் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்பை (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சின்ன பம்ப்) நான் முதலில் சந்தேகிப்பேன். அதன் ஸ்பிண்டில் (உள்ளே முன்பின் நகரும் தண்டு) தேய்ந்தால் டீசல் கசிந்து, இன்லைன் பம்பின் அடிப்பகுதிக்குள் இறங்கும். என்ஜின் ஆயிலே அந்தப் பம்புக்கும் போகிறதென்றால் அங்கிருந்து நேரே சம்புக்கு வந்துவிடும். ஃபீட் பம்பைக் கழற்றி, உள்வரும் குழாயை மாட்டியே வைத்து, வெளிப்போகும் வாயை அடைத்து, ஹேண்ட் பம்பை அடியுங்கள். ரோலர் விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்பிண்டிலைச் சுற்றி டீசல் கசிந்தால் ஆள் சிக்கினார்.

சில என்ஜின்களில், இன்ஜெக்டரில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் பாகம்) மிஞ்சும் டீசலைத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் குழாய், டேப்பட் கவருக்கு (என்ஜின் உச்சியில் உள்ள மூடி) உள்ளேயே போகும். கவரைத் திறந்து, இணைப்புகளில் ஆயில் தடவி, குழாய்க்குள் லேசாகக் காற்று கொடுங்கள். குமிழி வந்தால் அந்த இடத்து செம்பு வாஷரை மாற்றுங்கள்.

அடுத்தது இன்ஜெக்டர். என்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்ஜெக்டருக்கு வரும் ஒவ்வொரு பைப் நட்டாகத் துணி சுற்றி லேசாகத் தளர்த்தி, உடனே இறுக்குங்கள். தளர்த்தியும் சத்தம் மாறாத சிலிண்டரைச் சந்தேகப்படுங்கள். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையைக் குறுக்கே காட்டாதீர்கள். பம்ப் கடையில் நாசிலை (இன்ஜெக்டரின் பீச்சும் நுனி) சோதிக்கும்போது கூடவே நில்லுங்கள்: திறக்கும் அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக 10 விநாடி பிடித்தால், நுனியிலிருந்து ஒரு சொட்டும் விழக் கூடாது. சொட்டும் நாசில் லைனர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டே சம்புக்கு இறங்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் டீசல் பம்ப் எலிமெண்ட்டின் முறை. இறக்கும் முன் டைமிங் குறியைத் தெளிவாகப் போட்டுக்கொள்ளுங்கள். கோளாறு சரியானதும் ஆயிலையும் ஃபில்டரையும் மீண்டும் மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயிலில் நெடுநாள் ஓடிய வண்டியென்றால் சம்பை இறக்கி, பிக் எண்ட் பேரிங்கில் (கனெக்டிங் ராடின் அடிமுனையில் உள்ள பேரிங்) ஒன்றையாவது கழற்றிப் பார்த்த பிறகே லோடு ஏற்றுங்கள்.