பேட்டரியில் ஓடுவது ஓசி அல்ல: ஹைபிரிட் கார் மைலேஜில் நடக்கும் தவறுகள்

பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல், 'சொன்ன மைலேஜில் முக்கால்வாசிகூட வரவில்லை' என்பது. சர்வீஸுக்கு விட்டுப் பார்த்தால் பல நேரம் கோளாறு ஒன்றும் இருக்காது. சாதாரண பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய காலும், பேட்டரியைப் பற்றிய ஒரு தப்புக்கணக்கும்தான் பெரும்பாலும் காரணம்.

பேட்டரியில் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஓசி என்று நினைப்பதுதான் அந்தத் தப்புக்கணக்கு. வெளியில் சார்ஜ் போடாத ஹைபிரிடில், பேட்டரிக்குள் இருக்கும் மின்சாரம் முழுக்க டேங்கில் இருந்து வந்ததே. ஒன்று, எஞ்சின் நேரடியாகச் சார்ஜ் ஏற்றியிருக்கும். இல்லாவிட்டால் பெட்ரோல் எரித்து எட்டிய வேகத்தில் ஒரு பங்கை, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் மீட்டுக் கொடுத்திருக்கும். பேட்டரியும் சின்னது. பல கார்களில் 1 முதல் 1.5 கிலோவாட் மணிதான். அதன் ஆயுளைக் காக்க, அடியையும் உச்சியையும் தொடாமல் நடுப்பகுதியை மட்டுமே காரின் கணினி புழங்க விடும். சமதளத்தில் நிதானமாகப் போனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் தாங்கும். கைச்செலவுக்கு வைத்திருக்கும் சில்லறை மாதிரிதான் அது.

(பெல்ட் வழியாக எஞ்சினுக்குக் கைகொடுக்கும் 12 வோல்ட், 48 வோல்ட் 'மைல்டு ஹைபிரிட்' கார்களில் பெரும்பாலானவை மின்சாரத்தில் மட்டும் ஓடாது. அவற்றை வைத்திருப்பவர்கள் வேகம், டயர், அளவெடுப்பு பற்றிச் சொல்வதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.)

இ.வி. பொத்தானைப் பிடித்துத் தொங்குவது

எஞ்சின் சத்தம் கேட்டாலே பதறி, முடிந்தபோதெல்லாம், மின்சாரத்தில் மட்டும் ஓட வைக்கும் இ.வி. பொத்தானை அழுத்தி ஓட்டுபவர்கள் உண்டு. பேட்டரி சீக்கிரம் வடியும். வடிந்ததும் எஞ்சின் விழித்து, காரையும் இழுத்துக்கொண்டு பேட்டரியையும் நிரப்பியாக வேண்டும். எஞ்சினின் ஆற்றல் ஜெனரேட்டரில் மின்சாரமாகி, பேட்டரிக்குள் போய், திரும்ப வெளியே வந்து, மோட்டாரைச் சுழற்றி, கடைசியில் சக்கரத்துக்கு வருகிறது. ஒவ்வொரு கட்டத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். நேராகச் சக்கரத்துக்கே போயிருந்தால் இவ்வளவு சேதாரம் இல்லை.

அந்தப் பொத்தான் பயன்படும் இடங்கள் சில உண்டு: வண்டியை ஷெட்டில் இருந்து எடுத்து வெளியே நிறுத்த, மூடிய பார்க்கிங்கில் இடம் மாற்ற, நள்ளிரவில் சத்தமில்லாமல் உள்ளே விட. ஐம்பது அடி நகர்த்துவதற்காகக் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பாமல் இருப்பது உண்மையிலேயே லாபம். மற்ற நேரங்களில் கணினியின் முடிவில் தலையிடாமல் இருப்பதே நல்லது.

வெளியில் சார்ஜ் போடும் பிளக்-இன் வகையில் இதே தவறு வேறு உருவில் வரும். ஓடும்போதே எஞ்சினை வைத்துப் பேட்டரியை நிரப்பும் வசதி சில கார்களில் இருக்கிறது. அதைத் தினசரிப் பழக்கமாக்கினால் பெட்ரோலைக் கொட்டி மின்சாரம் வாங்குவதாகிவிடும். சுவரில் இருந்து ஏற்றிய சார்ஜை நின்று நின்று போகும் நகரப் பாதைக்கு வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலைக்கு எஞ்சினை விடுவதுதான் சரி.

ஊர்ந்து ஊர்ந்து கிளம்புவது

மைலேஜ் வேண்டும் என்றால் ஆக்ஸிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்ட வேண்டும் என்பது பாதி உண்மை. பல ஹைபிரிட்களில் இருக்கும், சிக்கனத்துக்காக வடிவமைத்த 'அட்கின்சன் சுழற்சி' எஞ்சின், நடுத்தரப் பளுவில் வேலை செய்யும்போதுதான் நல்ல திறனில் இருக்கும். சிறந்த நிலையில் பெட்ரோலின் ஆற்றலில் 40 சதவீதம் அளவுக்கு வேலையாக மாற்றும் எஞ்சின்கள் இருக்கின்றன. அதே எஞ்சின் மிகக் குறைந்த பளுவில் சும்மா சுற்றும்போது அந்தத் திறன் வெகுவாகச் சரிந்துவிடும். அரை நிமிடம் ஊர்ந்து 50 கி.மீ. வேகத்தைத் தொடுபவர், எஞ்சினை அதற்குப் பிடிக்காத நிலையிலேயே வைத்திருக்கிறார். பின்னால் வருபவர்களின் ஹாரன் தனி.

சிக்னல் பச்சை விழுந்ததில் இருந்து பார்ப்போம். டேஷ்போர்டில் 'பவர்' பகுதி, 'ஈகோ' பகுதி, 'சார்ஜ்' பகுதி என்று பிரித்த ஒரு முள்ளோ பட்டையோ இருக்கும். முள் ஈகோ பகுதியின் மேல் பாதியில் நிற்கும் அளவுக்கு அழுத்துங்கள். எஞ்சின் கிளம்பும், கிளம்பட்டும். 10 முதல் 15 வினாடிக்குள் 50-ஐத் தொட்டதும் காலை ஒரு கணம் முழுதாக எடுங்கள். எஞ்சின் நிற்கும். உடனே மிக லேசாக மீண்டும் அழுத்தி, முள்ளை எஞ்சின் கிளம்பும் கோட்டுக்குக் கீழேயே வைத்திருங்கள். சமதளச் சாலையில் மோட்டாரே வேகத்தைத் தாங்கிக்கொள்ளும். காலை எடுக்கும் அந்த ஒரு கணத்தைத் தவறவிடுவதால்தான், தேவையில்லாமல் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

வேகம் 43, 44 என்று இறங்கினால் மறுபடி அதே மாதிரி ஏற்றலாம். ஆனால் நெரிசலில் இந்த ஏற்ற இறக்க விளையாட்டு வேண்டாம். பின்னால் வருபவருக்கு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று புரியாது.

கடைசி நேரத்தில் பிரேக் அடிப்பது

ஹைபிரிட் தன் லாபத்தைச் சம்பாதிப்பது பிரேக்கில்தான். அதனால் இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம்.

1,400 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 194 கிலோஜூல். நான்கு வினாடியில் நிறுத்தினால் அந்த ஆற்றல் சராசரியாக 49 கிலோவாட் வீதம் வெளியேற வேண்டும். பல சிறிய ஹைபிரிட்களின் பேட்டரி ஒரே நேரத்தில் ஏற்பது 20, 30 கிலோவாட் அளவுதான். மிச்சத்தைப் பிரேக் பேடு உரசி வெறும் சூடாக்கிவிடும். அதே காரைப் பத்து வினாடியில், ஏறத்தாழ 83 மீட்டர் தூரத்தில் நிறுத்தினால் சராசரி 19 கிலோவாட். பேட்டரி ஏற்கும் அளவுக்குள் வந்துவிடுகிறது.

ஆகவே தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே காலை எடுத்து, பிரேக் பெடலை மெல்லத் தொட்டு, முள் சார்ஜ் பகுதியின் கடைசிக் கோட்டை முட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முள் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டால், அதற்கு மேல் அழுத்துவதெல்லாம் பேடுக்குத்தான். மணிக்கு 10 கி.மீ.க்குக் கீழே மீட்பு மங்கி சாதாரணப் பிரேக் வேலை செய்யும், அது இயல்பு. முன்னால் போகும் வண்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால் இதெல்லாம் நடக்காது. மூன்று வினாடி இடைவெளி இருந்தால்தான் மெல்லப் பிரேக் பிடிக்கவே நேரம் கிடைக்கும்.

பிரேக்கை ஒட்டி இன்னொரு குழப்பம், டொயோட்டா பிரியஸ் போன்ற கார்களில் வழக்கமாக ஓட்டும் டி (D) கியருக்குப் பக்கத்தில் இருக்கும் 'பி' (B) கியர். (பார்க்கிங்குக்கான 'பி' (P) வேறு, தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுவது நம் தலையெழுத்து.) அதில் போட்டால் அதிக மின்சாரம் மீளும் என்று பலர் தினமும் அதிலேயே ஓட்டுகிறார்கள். அது நீண்ட மலை இறக்கத்துக்கானது. எஞ்சினைச் சுழல வைத்து, ஆற்றலை வேண்டுமென்றே வீணாக்கி, பிரேக் சூடாகாமல் காப்பதுதான் அதன் வேலை. சமதளத்தில் டி-யில் இருந்தபடி பெடலை மெல்ல அழுத்துவதே அதிகம் மீட்கும்.

நியூட்ரலில் உருட்டுவது பழைய கார் பழக்கம். ஹைபிரிடில் நியூட்ரல் போட்டால் மீட்பும் இல்லை, எஞ்சினால் பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் முடியாது. சிக்னலில் நியூட்ரல் போட்டு ஏசியோடு காத்திருந்தால் பேட்டரி வடிவது ஒன்றே பலன்.

முதல் ஐந்து நிமிடம்

காலையில் கிளம்பியதும், பேட்டரி நிறைந்திருந்தாலும் எஞ்சின் ஓடும். புகைக்குழாயில் இருக்கும் வினையூக்கி மாற்றி சூடானால்தான் புகையைச் சுத்தம் செய்யும். குளிரூட்டும் நீரும் ஓரளவு சூடேற வேண்டும். இந்த நேரத்தில் மைலேஜ் படுமோசமாகக் காட்டும். நின்ற இடத்திலேயே சூடேற்றக் காத்திருப்பது தவறு. கிளம்பி மெதுவாக ஓட்டினால் அதே சூடு சீக்கிரம் ஏறும்.

தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் ஹைபிரிட் ஒருபோதும் நல்ல மைலேஜ் தராது, யார் ஓட்டினாலும். சின்னச் சின்ன வேலைகளை ஒரே சுற்றில் சேர்த்துவிட்டு, முதலில் தூரமான இடத்துக்குப் போங்கள். எஞ்சின் முழுதாகச் சூடேறிவிடும். திரும்பும் வழியில் பக்கத்து இடங்களில் நின்று நின்று வரும்போது எஞ்சின் தயங்காமல் அணையும்.

ஏசி, ஹீட்டர்

பெரும்பாலான முழு ஹைபிரிட்களில் ஏசி கம்ப்ரஸர் மின்சாரத்தில் ஓடுகிறது. எஞ்சின் நின்றாலும் காற்று சில்லென்று வருவது அதனால்தான். வெயிலில் நின்ற காரில் ஏறியதும் 18-இல் வைத்து முடுக்கினால் பேட்டரி கடகடவென்று இறங்கி, நிற்கும் இடத்திலேயே எஞ்சின் கிளம்பும். முதல் ஒரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கிச் சூட்டை வெளியேற்றி, பிறகு உள்காற்றுச் சுழற்சியில் போட்டு, ஆட்டோவில் 24 அல்லது 25 வைத்தால் போதும். ஹீட்டர் கதை வேறு. பல கார்களில் அதற்கு எஞ்சின் சூடுதான் மூலம். ஹீட்டர் ஓடும் வரை எஞ்சின் அடிக்கடி ஓடியே தீரும். சீட் ஹீட்டர் இருந்தால் அதைப் போட்டுக்கொண்டு ஹீட்டரைக் குறைக்கலாம்.

நெடுஞ்சாலையில் நகர மைலேஜை எதிர்பார்ப்பது

ஒரே சீராக ஓடும்போது மீட்க பிரேக்கே இல்லை. ஹைபிரிடின் பெரிய பலம் அங்கே சுருங்கிவிடும். காற்றுத்தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்: 80-இல் இருந்து 100-க்குப் போனால் தடை 1.56 மடங்கு, 120-இல் 2.25 மடங்கு. மேலே வெறும் கேரியர் மாட்டியிருந்தாலும் மைலேஜ் அடிவாங்கும், பெட்டியும் இருந்தால் கேட்கவே வேண்டாம். பயணம் முடிந்ததும் கழற்றி வையுங்கள். வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் க்ரூஸ் கண்ட்ரோல் சமதளத்துக்கு நல்லது. மேடுபள்ளச் சாலையில், மேட்டிலும் அதே வேகத்தைப் பிடிக்க முரண்டு பிடித்து எஞ்சினை அலற வைக்கும். அங்கே காலால் ஓட்டி, ஏற்றத்தில் ஐந்து பத்து கி.மீ. வேகத்தை விட்டுக்கொடுப்பது மேல்.

வண்டிப் பக்கம் கவனிக்காமல் விடுவது

டயர் காற்றை ஓட்டி வந்த சூட்டில் பார்க்கக் கூடாது. குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்கு நிரப்புங்கள். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு. அதுவரை ஏற்றினால் நடுப்பகுதி தேய்ந்து பிடிமானம் குறையும். வெப்பநிலை 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பி.எஸ்.ஐ. குறையும் என்பதால் பருவம் மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கம்பெனியில் இருந்து வருவது பெரும்பாலும் உருளும் தடை குறைந்த வகை. கடையில் கைக்கு வந்ததை மாட்டினால் அந்த லாபம் போய்விடும்.

பேட்டரியைக் காற்றால் குளிர்விக்கும் கார்களில், பின்சீட்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ ஒரு காற்றுத்துளை இருக்கும். அதன்மேல் பையை வைத்து அடைப்பது பரவலான தவறு. பேட்டரி சூடானால் கணினி அதன் சார்ஜ் வேகத்தைக் குறைத்துவிடும், பிரேக்கில் மீள்வதும் குறையும். வலையில் படியும் தூசியை வாக்யூமால் உறிஞ்சி எடுங்கள். பின்னால் இருந்து விசிறி வழக்கத்துக்கு மாறாக இரைந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான்.

உரசும் பிரேக்குக்கு வேலை குறைவு என்பதே அதற்குக் கெடுதல். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் சறுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகி, பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தியதும் நான்கு சக்கரங்களுக்கும் அருகே, தொடாமல், கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அதுதான். ஊசிகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸ் பூசினால் சரியாகும். ஹைபிரிட் பிரேக்கைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்.

எஞ்சின் ஆயிலில் 0டபிள்யூ-16 அல்லது 0டபிள்யூ-20 (0W-16, 0W-20) என்ற மெல்லிய வகையைக் கையேடு சொன்னால் அதையேதான் ஊற்ற வேண்டும். 'கெட்டியாக இருந்தால் எஞ்சினுக்கு நல்லது' என்ற அறிவுரை அடிக்கடி நின்று கிளம்பும் எஞ்சினுக்குப் பொருந்தாது. டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி நிரப்புவதும் கூடாது. ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் எகிறும் என்பது கார்புரேட்டர் காலத்துக் கதை. அழுக்கு ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், மைலேஜில் பெரிய வித்தியாசம் காட்டாது.

தப்பாக அளப்பது

டேஷ்போர்டு எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். பம்ப் முதல்முறை 'க்ளிக்' என்று நிற்கும் வரை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, அடுத்த முறையும் அதே 'க்ளிக்' வரை நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒரு டேங்கை நம்ப வேண்டாம்; மூன்றின் தூரத்தையும் லிட்டரையும் தனித்தனியே கூட்டி வகுக்க வேண்டும். முதல் 100 கி.மீ.யில் லிட்டருக்கு 20 கி.மீ., அடுத்த 100 கி.மீ.யில் லிட்டருக்கு 10 கி.மீ. என்று வந்தால் சராசரி 15 கிடையாது. மொத்தம் 15 லிட்டரில் 200 கி.மீ., அதாவது லிட்டருக்கு 13.3.

இப்படி அளந்தும், அதே பாதையில் அதே பருவத்தில் மைலேஜ் திடீரென்று விழுந்திருந்தால் முதலில் டயர் காற்று, அடுத்து சக்கரச் சூடு, பிறகு குளிரூட்டும் நீரின் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் என்று பாருங்கள். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனர் மாட்டி ஓட்டினால் குளிரூட்டும் நீரின் வெப்பம் பொதுவாக 80, 90 டிகிரி வட்டாரத்தில் வந்து நிற்க வேண்டும். இருபது நிமிடம் ஓடியும் 60-இலேயே தங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று கணினி நினைத்துக்கொண்டு, சிக்னலில்கூட அதை அணைக்காமல் ஓட விட்டிருக்கும்.