இது என்ன நாய்? படம் பார்த்து இனம் சொல்லும் விளையாட்டைச் செய்து, சோதித்து, திருத்தும் முறை

மே மாதம் ஊட்டியில் நாய்க் கண்காட்சி நடக்கும்போது வேலியோரம் நின்றால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழும்: "இது என்ன நாய்?" அதை அப்படியே கைபேசி விளையாட்டாக்கலாம். ஒரு படம், கீழே நான்கு பெயர்கள், சரியானதைத் தொட வேண்டும். நிரல் எழுத இரண்டு நாள் போதும். படங்களைச் சலித்தெடுக்கவும் ஆட்களை வைத்துச் சோதிக்கவும் மூன்று வாரம் ஒதுக்குங்கள். பெயர் தெரியாதவரும் காதையும் வாலையும் முகத்தையும் உற்றுப் பார்த்து விடையை நெருங்க முடிந்தால்தான் அது விளையாட்டு. முடியாவிட்டால் அது மனப்பாடத் தேர்வாகிவிடும், பிள்ளைகள் இரண்டாம் கேள்வியிலேயே கைபேசியைத் திருப்பித் தந்துவிடுவார்கள்.

எந்த இனங்கள்

முதல் பதிப்புக்கு 16 இனங்கள், இனத்துக்கு 3 படங்கள், ஆக 48 படங்கள். ஒரு சுற்றுக்கு 10 கேள்விகள் வைத்தால் ஒரே இனம் ஒரு சுற்றில் இரண்டு முறை வராது. நம் நாய்கள் நான்கும் கட்டாயம் இருக்க வேண்டும்: ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. அடுத்து ஊரில் அடிக்கடி கண்ணில் படுபவை எட்டு: லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், ராட்வீலர், பக், டால்மேஷன், டாக்ஸ்ஹண்ட், பீகிள். மீதி நான்கு இடங்களுக்கு கோல்டன் ரெட்ரீவர், ஹஸ்கி, ஷிட்சு, கிரேட் டேன்.

ஆயத்தப் படத்தொகுப்பை இறக்கி வேலையைச் சுருக்கலாம் என்று தோன்றும். ஸ்டான்ஃபோர்டு நாய்ப் படத்தொகுப்பில் 120 வகைகளில் 20,580 படங்கள் இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு தொகுப்பில் 25 நாய் இனங்கள். இரண்டிலும் ராஜபாளையமோ கோம்பையோ கிடையாது. அதோடு ஸ்டான்ஃபோர்டின் 120-இல் செந்நாயும் டிங்கோவும் ஆப்பிரிக்கக் காட்டு நாயும் தனித்தனி வகைகளாக எண்ணப்பட்டிருக்கின்றன. முதுமலைக் காட்டில் திரியும் செந்நாய் தனி விலங்கு, வளர்ப்பு நாயின் இனம் அன்று. அந்தத் தொகுப்பை அப்படியே ஏற்றினால் கூடலூர்ப் பிள்ளைகள் முதல் நாளே பிழையைப் பிடித்துவிடுவார்கள். படங்களின் உரிமையும் அவற்றை எடுத்தவர்களிடமே இருக்கிறது. பொதுமக்களுக்கு வெளியிடுவதானால் விக்கிமீடியா காமன்ஸ் என்ற இணையப் படக் களஞ்சியத்தில், பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் இருப்பவற்றை எடுத்து, எடுத்தவர் பெயரை விளையாட்டுக்குள் ஒரு பக்கத்தில் போடுங்கள். நாட்டு இனங்களை நீங்களே படமெடுப்பதுதான் நல்லது.

தெருவில் படுத்திருக்கும் நாயைப் படமெடுத்து "என்ன இனம்?" என்று கேட்காதீர்கள். கலப்பு நாயின் இனத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வது டி.என்.ஏ. சோதனை முடிவோடு பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான விடை கிடையாது. ஆனால் மலையில் நாம் தினமும் பார்ப்பது அவற்றைத்தான். அதனால் சுற்று முடிந்ததும் மதிப்பெண் இல்லாத அட்டையாக ஒரு நாட்டு நாயின் படத்தைக் காட்டி, பெயரை மட்டும் எழுதுங்கள். மணி, கருப்பன் என்று அந்தத் தெருவில் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அப்படி.

படம்தான் கேள்வி

நாயின் தோள் உயரத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில், 3 முதல் 4 மீட்டர் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போய் எடுத்தால் கைபேசி லென்ஸ் மூக்கைப் பெரிதாக்கிவிடும். சிப்பிப்பாறையின் ஒடுங்கிய முகம் லேப்ரடார் முகம் போல அகலமாகிவிடும். நான்கு கால், வால் நுனி, இரண்டு காது எல்லாம் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் இனங்களுக்கு உள்வாங்கிய வயிறு முக்கிய அடையாளம், அது பக்கவாட்டில்தான் தெரியும்.

வெள்ளை நாய்தான் அதிகம் சிரமம் தரும். கொடைக்கானல் மூடுபனியில் ராஜபாளையத்தின் உடல் கோடு கரைந்துபோகும். உச்சி வெயிலில் முடி வெளிறி, இளஞ்சிவப்பு மூக்கு தெரியாமல் போகும். வெயில் நேரடியாக விழாத காலை வேளையில், தேயிலைச் செடிகளின் பச்சையைப் பின்னால் வைத்து, திரையில் நாயின் மேல் தொட்டு வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுங்கள். உருவ அளவும் தனிப்படத்தில் தெரியாது. கிரேட் டேன் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியோ தண்ணீர்க் குடமோ இருந்தால் பார்ப்பவர் உயரத்தைக் கணக்கிட்டுவிடுவார்.

விடையைக் காட்டிக்கொடுக்கும் பின்னணியை வெட்டுங்கள். பனியில் நிற்கும் நாய் என்றால் எல்லோரும் ஹஸ்கி என்பார்கள், நாயைப் பார்க்கவே மாட்டார்கள். புல்வெளியில் நிற்கும் ஹஸ்கியைத் தேடுங்கள். அதே போல் குட்டிகளைத் தவிருங்கள். டால்மேஷன் குட்டி பிறக்கும்போது புள்ளியே இல்லாமல் வெள்ளையாக இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்குச் சில மாதம் வரை காது மடிந்திருக்கும். அடுத்த பதிப்பில் இவற்றையே 'குட்டிச் சுற்று' என்று தனியாக வைத்தால் அருமையாக இருக்கும். முதல் பதிப்பில் வைத்தால் வெறும் ஏமாற்றுதான்.

கோப்பின் பெயரிலும் விடை கசியும். 'லேப்ரடார்_03' என்று பெயர் வைத்தால், படத்தை அழுத்திப் பிடிக்கும் பிள்ளைக்கு அது தெரிந்துவிடும். 'ப_017' என்று எண் கொடுங்கள். திரைவாசிப்பான் படிக்கும் மாற்று உரையிலும் இனப்பெயரை எழுதாமல் "குட்டைக் கால், நீண்ட உடல், தொங்கும் காது" என்று தோற்றத்தை எழுதுங்கள், பார்வையற்றவரும் விளையாடலாம். படத்துக்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பையும் நீக்குங்கள். நாய் வளர்ப்பவரின் வீடு எங்கே என்பது அதில் இருக்கும். அனுமதியை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நான்கு பெயர்களை எப்படிப் போடுவது

ஒன்று சரியான விடை. இரண்டாவது, உருவத்தில் கிட்ட வருவது. மூன்றாவது, நிறத்தில் கிட்ட வருவது. நான்காவது, பார்த்ததும் தள்ளிவிடக்கூடியது. டாபர்மேன் படத்துக்கு ராட்வீலரும் கன்னியும் நல்ல துணை, மூன்றும் கறுப்பும் பழுப்பும்தான். வித்தியாசம் எடையிலும் தலையிலும் வயிற்றிலும் இருக்கிறது. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் உடல்வாகு ஒன்றே என்பதால், நிறம் தெளிவாகத் தெரியும் படத்தில் மட்டும் இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். கோம்பைக்குச் செம்பழுப்பு உடலும் கறுத்த வாய்ப்பகுதியும் படத்தில் தெரிந்தே ஆக வேண்டும்.

ஒரே நாய்க்கு இரண்டு பெயர் வழங்கினால் இரண்டையும் தனித்தனி விடையாகப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் அல்சேஷன் என்பதும் பிள்ளைகள் ஜெர்மன் ஷெப்பர்ட் என்பதும் ஒன்றுதான், ஒரே பொத்தானில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். பொமரேனியனை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. நம் ஊரில் அப்படி அழைக்கப்படுபவை பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். பொமரேனியன் அதைவிடச் சிறியது, சுமார் மூன்றரை கிலோவுக்குள் அடங்குவது.

முதலில் அட்டை, பிறகு திரை

12 படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, பின்புறம் நான்கு பெயர்களை எழுதி, ஐந்து பேரிடம் காட்டுங்கள். அரை நாள் வேலை. எந்தப் பெயரைப் படிக்கத் திணறுகிறார்கள், எந்தப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோகிறார்கள் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

திரைக்கு வரும்போது பொத்தான்களை இரண்டு இரண்டாக அடுக்காதீர்கள். 'கோல்டன் ரெட்ரீவர்' இரண்டாக உடையும். நான்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றும் குறைந்தது 9 மில்லிமீட்டர் உயரம் இருக்கட்டும். வரி இடைவெளி 1.5 கொடுங்கள், குறைத்தால் இகர ஈகாரக் குறிகளின் மேல்பகுதி வெட்டுப்படும். சரி, தவறு என்பதைப் பச்சை, சிவப்பால் மட்டும் காட்டாமல் குறியும் சொல்லும் சேருங்கள். ஒவ்வொரு படமும் 800 பிக்சல் அகலம், 60 கே.பி.க்குள். 48 படமும் சேர்ந்து 3 எம்.பி.யைத் தாண்டாது. குன்னூர் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும் என்பதால் சுற்று தொடங்கும் முன்பே பத்துப் படங்களையும் இறக்கிவிடுங்கள். நேரக் கெடு வைப்பதானால் 15 விநாடி, அதுவும் படம் முழுதாகத் தெரிந்த பிறகே ஓடத் தொடங்க வேண்டும்.

திணறுபவர் கேட்டால் காட்ட, படத்துக்கு ஒரு குறிப்பு வையுங்கள். குறிப்பு கேட்காமல் சரியாகச் சொன்னால் 2 மதிப்பெண், கேட்டுச் சொன்னால் 1. விடை வந்ததும் அதே படத்தில் அடையாளத்தை வட்டமிட்டு ஒரு வரி எழுதுங்கள்: "வால் சாட்டை போல மெலிந்திருப்பதைப் பாருங்கள்." அடுத்த கேள்விக்குத் தானாகத் தாவ விடாதீர்கள். விளையாடுபவர் கற்றுக்கொள்வது இந்தத் திரையில்தான்.

ஆட்களை வைத்துச் சோதித்தல்

ஐந்து பேரைச் சோதித்தால் பயன்பாட்டுச் சிக்கல்களில் பெரும்பகுதி தெரிந்துவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வு வல்லுநர் யாக்கோப் நீல்சன் 2000-இல் எழுதிப் பரவலான கணக்கு. ஐந்து பேர், திருத்தம், மறுபடி வேறு ஐந்து பேர். ஆள் ஒருவருக்கு 15 நிமிடம். நாய் வளர்ப்பவர் இருவர், வளர்க்காதவர் இருவர், அறுபது கடந்தவர் ஒருவர் என்று கலந்து எடுங்கள். கால்நடை மருந்தகத்தின் காத்திருப்பு பெஞ்ச் நல்ல இடம், ஆனால் அங்கே வருபவர்கள் நாய் தெரிந்தவர்கள். தேநீர்க் கடையிலும் சோதித்தால்தான் கணக்கு நேராகும். சீசன் கூட்டத்தில் சுற்றுலாப் பயணிகள் நான்கு நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், அவர்களுக்கு ஒரு சுற்று மட்டும். பனிக்காலத்தில் கம்பளிக் கையுறையோடு வருபவரின் தொடுதலைத் திரை ஏற்காது, அதைப் பொத்தானின் குறை என்று எழுதிவிடாதீர்கள்.

தொடங்கும்போது இவ்வளவு சொன்னால் போதும்: "நாங்க சோதிக்கிறது உங்களை இல்லைங்க, இந்த விளையாட்டைத்தான். மனசுல என்ன தோணுதோ வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே விளையாடுங்க." பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் கடினம். அவர் தடுமாறும்போது உதவிக்குக் கை நீட்டினால் அந்தச் சோதனை வீண். தனியாக ஒருவரைப் பேசச் சொன்னால் கூச்சப்படுவார். ஒரே கைபேசியை அக்கா தம்பி இருவரிடம் கொடுத்தால், "காதைப் பாருடா, தொங்குது" என்று தானாகவே பேச்சு வந்துவிடும். அந்தப் பேச்சை வார்த்தை மாறாமல் எழுதுங்கள். பிள்ளைகளானால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேளுங்கள், முகத்தைப் படம்பிடிக்காதீர்கள்.

முடிவில் "பிடிச்சிருக்கா?" என்று கேட்டால், வந்தவரைப் புண்படுத்த வேண்டாம் என்று "நல்லா இருக்குங்க" என்றுதான் சொல்வார்கள். "எந்த நாய்க்கு ரொம்ப யோசிச்சீங்க? ஏன்?" என்று கேளுங்கள்.

படங்களை எடைபோடுவது தனிக் கணக்கு. 30 பேர் ஒரு சுற்று விளையாடினால் 300 விடைகள் வரும். 48 படத்துக்குப் பிரித்தால் படத்துக்கு ஆறு, அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. படங்களை 12 வீதம் நான்கு கட்டுகளாகப் பிரித்து, 20 பேருக்கு ஆளுக்கு இரண்டு கட்டு கொடுங்கள். ஒவ்வொரு கட்டும் பத்துப் பேரிடம் போகும்படி மாற்றி மாற்றிக் கொடுத்தால் படத்துக்குப் பத்து விடை கிடைக்கும். பத்தில் ஒன்பதோ அதற்கு மேலோ சரி என்றால் சுற்றின் முதல் கேள்விக்கு வையுங்கள். நான்கு முதல் எட்டு வரை நடுவில். மூன்றோ அதற்குக் கீழோ என்றால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே பத்தில் இரண்டு மூன்று சரியாகும் என்பதை நினைவில் வைத்துத் தவறான விடைகளைப் பாருங்கள். தவறுகள் மூன்று பெயருக்கும் சிதறியிருந்தால் அந்த இனம் யாருக்கும் தெரியவில்லை, குறிப்பை வலுப்படுத்துங்கள். எல்லாம் ஒரே பெயரில் குவிந்தால் படம் தவறு சொல்கிறது: கோணமோ வெளிச்சமோ முடிவெட்டோ. முடி கத்தரித்த ஷிட்சு அப்படிப்பட்டது. படத்தை மாற்றுங்கள், பெயர்களை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். யாருமே தொடாத பெயரை மட்டும், அடுத்த சோதனைக்கு முன் வேறு கிட்ட வரும் பெயரால் மாற்றலாம்.

மாற்றிய படத்தை மறுபடி பத்துப் புதிய ஆட்களிடம் காட்டுங்கள். பழைய ஆளுக்கு விடை நினைவிருக்கும்.