மலையைச் சென்ட் கணக்கில் பார்த்தால் என்ன ஆகும்? வீடு கட்டுவதிலும் நிலம் காப்பதிலும் நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் பச்சைத் தேயிலைக்கு என்ன விலை கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் யாரும், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஏன் மனை பிரித்து விற்கிறார் என்று கேட்க மாட்டார்கள். பறிகூலி, உரம், மருந்து எல்லாம் போக வருஷத்துக்கு மிஞ்சுவதை விட, ரோட்டை ஒட்டிய பத்து சென்ட்டை விற்றால் கையில் அதிகம் நிற்கும். விளைநிலத்தைக் காக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் செய்கிற தவறே விற்பவரைத் திட்டுவதுதான். தோட்டம் அவருக்குச் சோறு போட வேண்டும், அந்தப் பேச்சை எடுக்காமல் நிலத்தைக் காப்போம் என்று போர்டு வைப்பதில் பயனில்லை.

எனக்குப் பெரிய தவறாகப் படுவது வேறு. வீடு கட்ட அனுமதி கேட்பவரும் சரி, கொடுப்பவரும் சரி, அந்த ஒரு மனையை மட்டும் பார்க்கிறார்கள். மலைச்சரிவில் ஐந்து சென்ட் என்பது ஐந்து சென்ட்டோடு முடிவதில்லை. மேலே ஒருவர் வீட்டுக்குச் சமதளம் எடுக்க மண்ணை வெட்டுவார், வெட்டிய மண்ணை ஓடையில் தள்ளுவார், தடுப்புச் சுவரில் தண்ணீர் வடிய ஓட்டையே விட மாட்டார். சுவருக்குப் பின்னால் மண் ஊறி ஊறிக் கனத்து, ஒரு ராத்திரி மொத்தமாகக் கீழ்வீட்டின் மேல் வந்து உட்காரும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததையும், அந்த மழையில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் செத்துப்போனதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அவ்வளவு மழை பெய்தால் எந்த மலையும் தாங்காது என்பார்கள், உண்மைதான், ஆனால் தண்ணீர் போகிற பாதையை மூடியது மழை இல்லையே. பத்து மனைக்குத் தனித்தனியாக அனுமதி கொடுத்தால் பத்துமே விதிப்படி இருக்கும், சேர்த்துப் பார்த்தால் சரிவே போயிருக்கும்.

அடுத்தது, பள்ளத்தில் இருக்கும் சமதளத்தைக் 'காலி இடம்' என்று நினைப்பது. சரிவில் கட்டினால் ஆபத்து, சரி, கீழே கட்டலாமே என்று தோன்றும். ஆனால் மலையில் அந்தச் சமதளம் பெரும்பாலும் சதுப்பு, இல்லாவிட்டால் கேரட்டும் பூண்டும் விளையும் நல்ல மண். மேலேயிருந்து வரும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கோடையில் மெல்ல விடுவது அதுதான். ஊட்டி பஸ் ஸ்டாண்டும் ரேஸ் கோர்ஸும் ஒரு காலத்தில் ஏரி பரந்திருந்த இடத்தில்தான் நிற்கின்றன. கனமழை நாளில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஏரிக்குப் பழைய எல்லை இன்னும் ஞாபகம் இருப்பது தெரியும்.

உயர விதியை வைத்து விளையாடுவதும் உண்டு. நீலகிரியில் கட்டடம் 7 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. உடனே என்ன செய்கிறார்கள்? சரிவைக் குடைந்து கீழ்நோக்கித் தளம் இறக்குகிறார்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் அடக்கமான வீடு, பள்ளத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் நாலு மாடி. விதி எழுதியவர்கள் நினைத்தது பாரத்தையும் மண் வெட்டுவதையும் குறைக்க, நாம் அளப்பதோ ரோட்டு மட்டத்திலிருந்து மட்டும்.

இதற்கு நேர் எதிரான தவறு, எதையுமே கட்டக் கூடாது என்பது. ஊருக்குள் தாத்தா காலத்து வீட்டில் மூன்று குடும்பம் நெருக்கிக்கொண்டு இருக்கிறது, பேரன் கல்யாணம் பண்ணி ஒரு அறை சேர்க்கக் காகிதத்தோடு அலைகிறான். வருஷத்தில் பதினைந்து நாள் வந்து தங்கும் வெளியூர்க்காரரின் மாளிகையும் அவனுடைய ஒரு அறையும் கோப்பில் ஒரே 'குடியிருப்பு'தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால், முடிவில் பணம் உள்ளவர் கட்டிவிடுவார், உள்ளூர்க்காரன் அனுமதியில்லாமல் ஆபத்தான மூலையில் கட்டுவான். ஊரை ஒட்டி, ஏற்கெனவே ரோடும் தண்ணீரும் இருக்கிற இடத்தில் உள்ளூர்க் குடும்பங்களுக்கு வீட்டுமனை ஒதுக்கிவிட்டுத்தான், மற்ற இடத்தைத் தொடாதே என்று சொல்ல முடியும். வீடு என்று அனுமதி வாங்கி வாடகைக்கு அறை விடும் காட்டேஜாக மாற்றுவது பற்றித் தனியாகவே எழுதலாம், கொடைக்கானல்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பட்டா கையில் இருந்தால் கட்டலாம் என்று அர்த்தமில்லை. பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும், அதில் என்ன செய்யலாம் என்று சொல்லாது. எந்த நிலம் எதற்கு என்று அரசு வகுத்த மாஸ்டர் பிளானில் அந்தச் சர்வே எண் விவசாயமா குடியிருப்பா, 1990 முதல் இருக்கிற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின், அதாவது ஹாக்காவின் கட்டுப்பாடு என்ன என்று பாருங்கள். அங்கீகாரமில்லாத மனையைப் பதிய முடியாது என்பதால், பிரிக்காத பாகம், அதாவது மொத்த நிலத்தில் ஒரு பங்கு என்று எழுதித் தருகிறேன் என்பார் புரோக்கர். அந்த வார்த்தை வந்தாலே எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் கிராம சபை. வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது, நாம் போவதில்லை, ஜேசிபி வந்து நின்ற பிறகு கலெக்டருக்கு மனு எழுதுகிறோம். ஓடை எங்கே ஓடும், எந்தச் சரிவு போன தடவை இறங்கியது என்பது ஊர்க்காரர்களுக்குத்தான் தெரியும். அதைத் தீர்மானமாக எழுதி வைத்தால் அதிகாரியால் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது.

மனை பார்க்க ஏப்ரல் வெயிலில் போகாதீர்கள், புரோக்கர் அப்போதுதான் கூட்டிப்போவார். ஐப்பசியில் மழை கொட்டும் நாளில் குடையோடு போய், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது, எங்கே இறங்குகிறது என்று அரை மணி நேரம் நின்று பாருங்கள், கீழ்வீட்டுக்காரரிடமும் பேசுங்கள்.