உப்புப் பாக்கெட்டில் தேதி எழுதி வையுங்கள்

மார்கழிக் குளிரில் வந்த இருமல் என்றுதான் நினைத்தோம். கால் வீங்கியதைக்கூட, நாள் முழுக்கக் கடையில் நிற்கிறாரே என்று விட்டுவிட்டோம். ஒரு ராத்திரி படுக்கவே முடியாமல் அப்பா எழுந்து உட்கார்ந்து மூச்சுக்குத் திணறியபோது, கொடைக்கானலிலிருந்து பனிமூட்டத்துக்குள் வண்டியை இறக்கி, வத்தலக்குண்டு தாண்டித் திண்டுக்கல் போய்ச் சேர்வதற்குள் எங்கள் உயிர் எங்களிடம் இல்லை. இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது ஒரே வரி: "உப்பைக் குறைங்க." எப்படிக் குறைப்பது என்பதை நாங்களாகத்தான் கற்றுக்கொண்டோம்.

முதலில் அளவு. பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள். நோயாளிக்கு டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. சரி, குழம்பில் போட்ட உப்பை ஆளாளுக்குப் பிரித்து யார் அளப்பது? அதனால் புதுப் பாக்கெட்டைப் பிரிக்கும் அன்றே அதன் மேல் தேதியை எழுதிவிடுங்கள். நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ உப்பு 50 நாள் வர வேண்டும். எங்கள் வீட்டில் 26 நாளில் தீர்ந்தது, அம்மா நம்பவே இல்லை. ரொட்டி, மிக்சர், அப்பளத்தில் வரும் உப்பு இந்தக் கணக்கில் இல்லை என்பதால் நாங்கள் 60 நாளைக் குறி வைத்தோம்.

நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் வேண்டாம். ரெண்டே நாளில் அடுத்தவர் தட்டைப் பார்த்து ஏங்குவார், அப்புறம் திருட்டுத்தனமாக ஊறுகாய் ஜாடியைத் திறப்பார் (எங்கள் வீட்டில் நடந்தது). வீடே மாறட்டும். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று அத்தை முதல் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மாதம் போல ஆனதும் நாக்கு பழகிவிட்டது, இப்போது வெளியே சாப்பிட்டால் அவருக்கே கரிக்கிறதாம்.

குழம்பில் கை வைப்பதற்கு முன்னால் ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், அப்பளம் நாலையும் நிறுத்துங்கள். உப்பில் உள்ள சோடியம்தான் உடம்பில் நீரைத் தேக்குவது. அப்பளத்தில் உப்பு போதாதென்று அப்பளக்காரம் வேறு, அதுவும் சோடியம்தான். குளிருக்கு இதமாகச் சாயங்காலம் சாப்பிடும் பஜ்ஜியில் போடும் சோடா உப்பும் அப்படியே.

சமையலில் சாதத்துக்கு உப்பே வேண்டாம். இட்லி மாவு உப்பில்லாமலும் புளிக்கும், ஊற்றப்போகும்போது கொஞ்சம் சேர்த்தால் போதும். பொரியல், குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியை மட்டும், அதுவும் இறக்கும்போது போடுங்கள். வேகும்போதே போட்டால் காய்க்குள் போய்விடும், கடைசியில் போட்டது நாக்கில் முதலில் படும். அந்தக் குறையை நிரப்ப நம் மலையிலேயே சரக்கு இருக்கிறது. பூம்பாறைப் பூண்டை நாலு பல் நசுக்கி, தாண்டிக்குடி மிளகைத் தட்டிப் போட்டு ரசம் வைத்துப் பாருங்கள், உப்பு பாதிதான் என்று யாருக்கும் தெரியாது. மேரக்காய்க் கூட்டுக்குச் சீரகமும் தேங்காயும், பீன்ஸ் பொரியலுக்கு இறக்கியபின் எலுமிச்சை. மோருக்கு இஞ்சி, கறிவேப்பிலை. உப்பு கூடிப்போன குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டு எடுக்கும் வித்தையை நம்பாதீர்கள், கிழங்கு உப்பை மட்டும் தேடி உறிஞ்சாது.

"இந்துப்பு நல்லது" என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். குறைந்த சோடியம் என்று விற்கும் உப்பில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சில இதய, ரத்த அழுத்த மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். போடும் கொஞ்ச உப்பும் அயோடின் கலந்ததாக இருக்கட்டும், மலைப்பகுதி மண்ணில் அயோடின் குறைவு.

அப்பாவைப் போல இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னொன்று. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ மூன்று நாளில் ரெண்டு கிலோவோ ஏறினால் அது சதை இல்லை, நீர். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், மலையிலிருந்து இறங்க எத்தனை மணி நேரம் ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.