குரூகர் பூங்காவில் நாமே காரோட்டி விலங்கு பார்ப்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை

தென்னாப்பிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக் எல்லையை ஒட்டி, வடக்குத் தெற்காக ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது குரூகர் தேசியப் பூங்கா. 1926-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டே சுற்றுலாக் கார்களை உள்ளே விடத் தொடங்கிய இந்தக் காட்டில், வழிகாட்டியும் திறந்த ஜீப்பும் இல்லாமல், வாடகைக்கு எடுத்த சாதாரணக் காரிலேயே நாம் சுற்றி வரலாம். அந்தச் சுதந்திரத்தோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. யானை குறுக்கே நின்றால் என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டியவரும் நாமேதான்.

கடந்த மே மாதம் குடும்பத்தோடு ஆறு நாள் அங்கே காரோட்டினேன். ஊர் திரும்பியதும் உறவினர் அனைவரும் கேட்ட முதல் கேள்வி, "புலி பார்த்தீர்களா?" என்பதுதான். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. சிங்கம் பார்த்தோம், ஆனால் அது நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும் பிராணி என்பதால், நாங்கள் கண்டது புல்லுக்கு மேலே அவ்வப்போது அசைந்த ஒரு காதை மட்டுமே. வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவை குரங்கும் பன்றியும் கோழியும்தான். ஆகவே இந்தச் செய்முறையில் சிங்கத்துக்கு இதற்கு மேல் இடமில்லை.

முதற்படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் கோடை விடுமுறைக் காலம் அங்கே மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் பருவமாக அமைவது நமக்கு வாய்த்த வசதி. மே முதல் செப்டம்பர் வரை புல் காய்ந்து, மரங்கள் இலையுதிர்த்து, விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளை நாடி வருவதால், தேடாமலேயே கண்ணில் படும். நவம்பர், டிசம்பரில் சென்றால் காடு பச்சைப் பசேலென்று இருக்கும், இம்பாலா மான்கள் குட்டி ஈனும் காட்சியும் கிடைக்கும். ஆனால் பத்தடி தூரத்தில் நிற்கும் விலங்கைக்கூடப் புதர் மறைத்துவிடும். குளிர்காலத்து விடியல் நம்மவர்களுக்குக் கடுமையானது என்பதால் கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும். இது மலேரியா உள்ள பகுதி. புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காரும் முகாமும்

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பூங்காவின் தென்பகுதி வாயில்களுக்கு ஐந்து மணி நேரப் பயணம். அங்கும் நம்மூரைப் போலவே சாலையின் இடப்புறமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதால் பெரிய தடுமாற்றம் இராது. நான்கு சக்கர இயக்க வண்டி தேவையில்லை, ஆனால் இருக்கை சற்று உயரமாக அமைந்த காராக இருந்தால் புல்லுக்கு மேலே பார்வை எட்டும். காரை எடுத்த அன்றே ஒரு காலி மைதானத்தில் ரிவர்ஸ் கியரில் நூறு மீட்டர் நேராக ஓட்டிப் பழகுங்கள். ஏன் என்பது யானைப் பகுதியில் விளங்கும்.

தங்குவதற்குத் தெற்கே ஸ்குகூசா, லோயர் சாபி, நடுப்பகுதியில் சட்டாரா ஆகிய முகாம்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. ஸ்குகூசா என்பது பூங்காவின் முதல் காப்பாளர் ஸ்டீவன்சன் ஹாமில்டனுக்கு உள்ளூர் மக்கள் சூட்டிய பட்டப்பெயர். 'துடைத்துப் பெருக்குபவர்' என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். அந்தப் பெயருக்கு இன்றைய உரிமையாளர்கள் யார் என்பதைக் கீழே சொல்கிறேன்.

மூன்றாம் படி: விடியலில் புறப்பட்டு மெதுவாக ஓட்டுங்கள்

முகாமின் வாயிற்கதவு மே முதல் ஜூலை வரை காலை 6 மணிக்குத் திறந்து மாலை 5.30-க்கு மூடப்படும். திறக்கும் நேரத்தில் வரிசையில் நில்லுங்கள். தார்ச் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம். விலங்கு பார்க்க அதில் பாதியே அதிகம். ஸ்குகூசாவிலிருந்து சாபி ஆற்றை ஒட்டி லோயர் சாபிக்குச் செல்லும் ஏறத்தாழ 45 கிலோமீட்டர்ச் சாலையை நாங்கள் முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் கடந்து ஏமாந்தோம். மறுநாள் அதே சாலைக்கு ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம், அப்போதுதான் காடு கண்ணுக்குத் தெரிந்தது.

குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. கதவைத் திறப்பதும் கூரை வழியே தலையை நீட்டுவதும் விதிமீறல். இதன் நடைமுறைப் பொருள், புறப்படும் முன் இரண்டாவது டம்ளர் காபியைக் குடிக்கக் கூடாது என்பதே. கழிப்பறை உள்ள இடங்களை வரைபடத்தில் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், நீர்நிலைகளைப் பிறகு குறித்துக்கொள்ளலாம்.

முன்னே ஒரு கார் நின்றால், அதன் பின்னே நிதானமாக நின்று, கண்ணாடியை இறக்கி "என்ன தெரிகிறது?" என்று கேட்பது அங்குள்ள வழக்கம். கேட்கத் தயங்காதீர்கள். நாங்கள் கௌரவம் பார்த்து வாய் திறக்காமல், ஒரு பழுப்பு நிற உருவத்தைச் சிறுத்தை என்று நம்பி, பைனாகுலரைக் கைமாற்றிக்கொண்டு இருபது நிமிடம் உற்றுப் பார்த்தோம். எங்களைக் கண்டு மேலும் நான்கு கார்கள் நின்றன. ஐந்தாவதாக வந்தவர் கண்ணாடியை இறக்கிக் கேட்டபோதுதான், முதலில் நின்ற காரில் இருந்தவர்கள் சாண்ட்விச் சாப்பிடுவதற்காக நிழலில் ஒதுங்கியவர்கள் என்பதும், நாங்கள் பார்த்தது ஒடிந்த மரக்கட்டை என்பதும் தெரிந்தன.

நான்காம் படி: குரங்கிடம் ஏமாறாமல் சாப்பிடுங்கள்

புதியவர்கள் அதிகம் தோற்கும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இறங்கிச் சாப்பிட அனுமதியுள்ள உணவிடங்களில் சாம்பல் உடலும் கறுத்த முகமும் கொண்ட வெர்வெட் குரங்குகளும், அவற்றைவிடப் பல மடங்கு பெரிய பபூன்களும் நமக்கு முன்பே வந்து காத்திருக்கும். திருப்பதி மலையிலும் பழமுதிர்சோலையிலும் குரங்குகளோடு பழகியவர்கள்தானே என்ற இறுமாப்பில் நானிருந்தேன். ஒரு வெர்வெட் குரங்கு என் எதிரே பத்தடி தள்ளி அமர்ந்து, குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பரிதாபமாகப் பார்த்தது. அதன் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், பின்னாலிருந்து வந்த இன்னொன்று ரொட்டிப் பொட்டலம், சீஸ் இரண்டையும் எடுத்துக்கொண்டு கூரையேறிவிட்டது. மேசையில் மிச்சமிருந்தது ஊறுகாய் மட்டுமே. துடைத்துப் பெருக்குபவர்கள் யார் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

செய்ய வேண்டியவை இவை. காரிலிருந்து ஒரு வேளைக்குத் தேவையானதை மட்டும் எடுத்துவந்து, கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிக் கதவைப் பூட்டுங்கள். சுவரையோ மரத்தையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளாமல், ஒருவருக்கொருவர் எதிரெதிராக அமர்ந்தால் இருபுறமும் காவல் இருக்கும். குரங்கு பறித்துவிட்டால் திரும்பப் பிடுங்க முயலாதீர்கள், அதன் பல் நீளமானது. எக்காரணம் கொண்டும் உணவு கொடுக்கக் கூடாது; மனிதரிடம் உணவு வாங்கப் பழகிய பபூன் முரட்டுத்தனமாகி, இறுதியில் சுட்டுக் கொல்லப்பட வேண்டிய நிலை வரும் என்பதால்தான் அதைக் குற்றமாகவே வைத்திருக்கிறார்கள். முகாம் குடில்களின் திண்ணையில் உள்ள ஃபிரிட்ஜுக்கும் பூட்டோ கம்பிக் கூண்டோ இருப்பதைக் காண்பீர்கள். அது மனிதத் திருடருக்காகப் போட்டதன்று.

அதே குரங்கு நமக்கு வழிகாட்டியாகவும் உதவும். கென்யாவின் அம்போசெலியில் சேஃபார்த், செனி, மார்லர் ஆகிய மூவர் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வில், வெர்வெட் குரங்குகள் சிறுத்தைக்கு ஒன்று, கழுகுக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்று வெவ்வேறு எச்சரிக்கைக் குரல்களை எழுப்புவதும், அந்தந்தக் குரலைக் கேட்ட மற்றவை முறையே மரமேறுவதும், வானைப் பார்ப்பதும், எழுந்து நின்று தரையைப் பார்ப்பதும் பதிவாகியுள்ளன. ஆகவே மரத்தின் மேலே கூட்டமாக நின்று ஒரே புதரைப் பார்த்துக் குரங்குகள் கத்தினால், காரை அணைத்துவிட்டு அந்தப் புதரைக் கவனியுங்கள்.

ஐந்தாம் படி: யானைக்கு வழிவிடுங்கள்

யானையை அறியாதவர்கள் அல்லர் நாம். ஆனால் கோயில் யானையிடம் கற்ற பழக்கம் இங்கே செல்லாது. ஆப்பிரிக்க யானைக்குக் காது பெரிது, ஆண் பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு, சாலை தன்னுடையது என்பதில் அதற்குச் சந்தேகமே இல்லை. ஐம்பது மீட்டருக்குக் குறையாத இடைவெளியில் நில்லுங்கள், எஞ்சினை அணைக்காதீர்கள், கூட்டத்துக்கு நடுவே, குறிப்பாகத் தாய்க்கும் குட்டிக்கும் இடையே, காரைச் செலுத்தாதீர்கள். காதை மெல்ல விசிறுவது உடலைக் குளிர்விக்க. அதே காதை அகல விரித்து, தலையைத் தூக்கி, நேராக நம்மைப் பார்த்து நின்றால், அது கிளம்பச் சொல்கிறது என்று பொருள்.

கன்னத்தில் நீர் வழிந்து, பின்னங்கால்களில் சிறுநீர் சொட்டிக்கொண்டு வரும் ஆண் யானையைக் கண்டால் பார்த்துக்கொண்டிருக்கவே வேண்டாம். அது மதம். ஆப்பிரிக்க யானைக்கு மதம் பிடிப்பதில்லை என்றே ஆய்வாளர்கள் பலர் நம்பி வந்தனர். ஜாய்ஸ் பூல், சிந்தியா மாஸ் இருவரும் 1981-இல்தான் அதை உறுதிப்படுத்தி எழுதினர். யானையின் மதநீருக்குக் 'கடாம்' என்று சங்க காலத்திலேயே தனிச்சொல் வைத்திருந்த மொழிக்காரர்களுக்கு இந்த அடையாளத்தை இனம் காண்பதில் சிரமம் இருக்கக் கூடாது. என் மனைவி இனம் கண்டார். நான் ஃபோட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். அதன்பின் இருநூறு மீட்டர் தூரத்தை, மைதானத்தில் பழகிய அதே ரிவர்ஸ் கியரில், பின்னிருக்கையிலிருந்து இரு குழந்தைகள் "அப்பா, இடது! இடது!" என்று கூவக் கடந்தேன். யானை எங்களைப் பொருட்படுத்தாமல் சாலையோரத்து மரமொன்றை முறித்துத் தின்னத் தொடங்கியது.

ஆறாம் படி: நீர்க்கரையில் சும்மா இருங்கள்

லோயர் சாபிக்கு அருகிலுள்ள சன்செட் அணைக்கரையில் காரை நிறுத்தி, ஒரு மணி நேரம் ஒன்றும் செய்யாமல் இருங்கள். நீர்யானையின் முதுகைப் பாறையாகக் கருதி ஆமைகள் வரிசையாக ஏறி வெயில் காயும்; நீர்யானை அமிழ்ந்தால் ஒவ்வொன்றாக நழுவி விழும்; எழுந்தால் மீண்டும் ஏறும். அது வாயைப் பிளப்பதைக் கொட்டாவி என்று எண்ணாதீர்கள், பல் எவ்வளவு பெரிது என்று போட்டியாளருக்குக் காட்டும் மிரட்டல் அது. ஒட்டகச்சிவிங்கி நீர் குடிக்க முன்னங்கால்களை அகட்டிக் குனிவதற்குள் நான்கு முறை மனம் மாறும். வார்ட்ஹாக் பன்றியோ முழங்காலிட்டு மேய்ந்துகொண்டிருந்துவிட்டு, ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் வாலை ஆண்டெனாவாக நிமிர்த்திக்கொண்டு குடும்பத்தோடு ஓடும்.

காரைச் சுற்றியும் பாருங்கள். மஞ்சள் அலகு இருவாச்சி, அலகின் வடிவத்தால் 'பறக்கும் வாழைப்பழம்' என்று அங்கே செல்லப்பெயர் பெற்ற பறவை, எங்கள் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்த தன் பிம்பத்தை எதிரியென எண்ணிக் கொத்தத் தொடங்கியது. கண்ணாடியை மடக்கியதும், சுற்றி வந்து மறுபக்கக் கண்ணாடியைக் கொத்தியது. அதையும் மடக்கிவிட்டோம். வெற்றி பெற்ற களிப்பில் காரின் முன்மூடியில் சிறிது நேரம் உலாவியது.

ஏழாம் படி: இரவில் கேட்கும் குரலுக்கு அஞ்சாதீர்கள்

மே மாதத்தில் ஆண் இம்பாலாக்கள் துணைக்காகச் சண்டையிடும்போது எழுப்பும் உறுமல், அந்த மெல்லிய மானின் தொண்டையிலிருந்து வருவது என்று நம்பவே முடியாது. முதல் இரவில் சிங்கம் வேலிக்கு வெளியே நிற்கிறது என்று அனைவரையும் எழுப்பினேன். அடுத்த குடிலில் இருந்த முதியவர் டார்ச் அடித்துக் காட்டினார்.

எட்டாம் படி: நேரத்தோடு திரும்புங்கள்

கதவு மூடிய பின் வந்தால் அபராதம் உண்டு. விலங்குகள் வழிமறிக்கக்கூடும் என்பதால், கணக்கிட்ட பயண நேரத்தோடு முக்கால் மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி மாலையில் நான் அப்படித்தான் சேர்த்திருந்தேன். முகாமுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, புள்ளி போட்ட உடலும் நீலத் தலையுமாக முப்பது கினிக்கோழிகள் சாலைக்கு வந்தன. அவை குறுக்கே கடக்கவில்லை. எங்களுக்கு முன்னால், எங்கள் திசையிலேயே, சாலையின் முழு அகலத்துக்கும் பரவி ஓடின. நின்றால் நின்றன, நகர்ந்தால் ஓடின. ஒரு கோழி ஓரமாக ஒதுங்கும், பிறகு கூட்டத்தை விட்டுப் பிரிந்துவிட்டோமே என்று பதறி மீண்டும் நடுச்சாலைக்கே வரும். ஹார்ன் அடிப்பது காட்டில் முறையன்று என்பதால் அந்த ஊர்வலத்தின் பின்னாலேயே ஊர்ந்து, 5.28-க்கு வாயிலை அடைந்தோம்.

கதவில் கை வைத்து நின்றிருந்த காவலர், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "யானையா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, கோழி" என்றேன்.