சென்னையின் கலைகளை ரசிக்க நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

2017-இல் யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரமாக அறிவித்தபோது நிறையப் பேர் பெருமையாகப் பகிர்ந்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் ஊரைப் பற்றிப் பெருமை பேசுகிற அளவுக்கு ஊரில் இருப்பதை நாம் போய்ப் பார்ப்பதில்லை, அதுதான் முதல் தவறு.

எழும்பூர் அருங்காட்சியகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளியூர் விருந்தாளி வந்தால்தான் அந்தப் பக்கம் போவோம், போனாலும் எல்லாக் கட்டடங்களையும் ஒரே நாளில் பார்த்து முடிக்க ஓடுவோம். அப்படி வேண்டாம். ஒரு நாள் வெண்கலச் சிலைகளுக்கு மட்டும் போங்கள் (வெள்ளிக்கிழமை விடுமுறை). திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள்: சிவன் பக்கம் இரண்டு கை, உமை பக்கம் ஒரே கை, ஆனாலும் எங்கேயும் சமநிலை குலையாது. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகம் ஊற்றுவார்கள்; மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும் என்பதால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். அங்கிருக்கும் திருவாலங்காட்டு நடராஜரைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தே உருகி எழுதினார் பிரெஞ்சுச் சிற்பி ரோடான். நமக்கோ அது மின்சார ரயிலில் போய் இறங்கும் தூரம்.

அடுத்தது மார்கழி. பெரிய பெயர்களுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றதும் சீசனையே விட்டுவிடுகிறோம். மதியக் கச்சேரிகள் பல சபாக்களில் இலவசம், பாடுகிறவர்கள் இளைஞர்கள், உயிரைக் கொடுத்துப் பாடுவார்கள். அப்புறம், தனி ஆவர்த்தனம் (பாட்டு நின்று தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகாதீர்கள், தயவுசெய்து. மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, குறைப்பில் ஒவ்வொருவர் முறைக்கும் வரும் தாளச் சுற்று பாதியாகி, அதுவும் பாதியாகி, கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை என்கிற முடிப்புக்கு வருகிற இடம் இருக்கிறதே, கச்சேரியின் உச்சமே பல நாள் அதுதான்! தாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் கையால் தாளம் போடுகிறவரைப் பார்த்தால் பிடிபடும்.

கலை என்றால் மயிலாப்பூரும் தி.நகரும்தான் என்று நினைப்பது இன்னொரு பெரிய தவறு, எனக்கு இதில் கோபமே உண்டு. வடசென்னையின் கானா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தது. பொங்கலையொட்டி நடக்கும் சென்னை சங்கமத்தில் பறையும் கரகமும் பொது இடங்களுக்கே வருகின்றன, காசும் கிடையாது. கண்ணகி நகரின் சுவரோவியங்களைப் பார்க்கப் போனால், அது மக்கள் குடியிருக்கும் இடம் என்பதை மறக்காமல், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

தெரிந்தவர் நாடகம் போட்டால் ஓசி பாஸ் கேட்காதீர்கள். சிறிய குழுக்களுக்கு அந்த டிக்கெட் காசில்தான் அரங்க வாடகையே.

கடைசியாக, தினமும் கடந்து போகிறவை. மெரினாவில் பாறையை நகர்த்தும் அந்த நாலு பேரின் முதுகுத் தசையை ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை, செய்தவர் நம் ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அவருக்குப் பின் முதல்வரான கே.சி.எஸ். பணிக்கரும் ஓவியர்களும், கைவினைப் பொருள்கள் விற்ற காசைச் சேர்த்து நிலம் வாங்கி 1966-இல் தொடங்கியதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். மாமல்லபுரம் போகிற அவசரத்தில் அது இருக்கும் ஈஞ்சம்பாக்கத்தைத் தாண்டி விடாமல், ஒரு மணி நேரம் அங்கே வண்டியை நிறுத்துங்கள்.