பூங்காப் புல்லில் வடு தெரியாமல் தோண்டுவது எப்படி: மெட்டல் டிடெக்டர் பழகுவோருக்கு

அமெரிக்க நகரப் பூங்காக்களில், மண்ணில் புதைந்த உலோகத்தை ஒலியெழுப்பிக் காட்டும் மெட்டல் டிடெக்டருடன் நடப்பவர் மீது பெரும்பாலும் யாருக்கும் வருத்தம் இருப்பதில்லை; அவர் விட்டுச்செல்லும் குழிகள்தாம் வருத்தத்தைக் கொண்டுவருகின்றன. புல் வெட்டும் ஊழியரின் கண்ணில் படும் காய்ந்த வட்டம் ஒவ்வொன்றும், அடுத்து வருபவரின் அனுமதிக்கு உலை வைக்கும்.

முதல் வேலை, அந்த நிலம் யாருடையது என்று அறிவது. நியூயார்க் நகரப் பூங்காக்களில் தேட முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெற வேண்டும். சீட்டு இருந்தாலும் எல்லாப் பூங்காக்களும் திறந்துவிடுவதில்லை. தேசியப் பூங்காக்களிலோ தோண்டுவது மட்டுமல்ல, பயன்படுத்தத் தயாரான நிலையில் கருவியை வைத்திருப்பதே குற்றம். மத்திய அரசு நிலங்களில் 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொல்பொருள்களை அனுமதியின்றி எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆகவே, பூங்காவின் பெயரைக் குறிப்பிட்டு, அதை நிர்வகிக்கும் அலுவலகத்திடம் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.

கையோடு எடுத்துச்செல்ல வேண்டியவை குறைவு: விரல்போல் நுழைத்துப் பொருளின் இடத்தைக் காட்டும் பின்பாயிண்டர், ஒரு விளிம்பில் ரம்பப் பல் உள்ள கைத்தோண்டி, முனை மழுங்கிய திருப்புளி, ஒரு துண்டுத் துணி, குப்பைக்கு ஒரு பை, ஒரு பாட்டில் தண்ணீர். நீளமான மண்வெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அதைப் பார்த்தவுடனேயே பூங்காவுக்கு வந்தவர்கள் மிரள்வார்கள்.

அடுத்து, எங்கே தோண்டக் கூடாது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒலி ஒரே கோடாக நீண்டுகொண்டே போனால் அங்கே குழாயோ மின்கம்பியோ ஓடக்கூடும். தெளிப்பான் தலைகள் அருகில் இருந்தால் சந்தேகமே வேண்டாம், விலகிவிடுங்கள். மரத்தடியில் கைத்தோண்டி வேரில் தட்டினால் வேரை வெட்டாமல் குழியை மூடுங்கள். விளையாட்டுத் திடல்களில் காலிடறும் சிறு பள்ளம்கூட ஒருவர் கணுக்காலை முறித்துவிடும். மழையின்றிப் புல் பழுத்துக் கிடக்கும் கோடை வாரங்களில், எவ்வளவு திறமையாக வெட்டினாலும் அந்தப் புல் பிழைப்பது அரிது. மழை பெய்து ஓய்ந்த ஓரிரு நாள்களே நல்ல காலம்.

தோண்டலாம் என்று முடிவானதும், ஒலி வந்த இடத்தின் மேல் கருவியை வலமிடமாகவும், பின் தொண்ணூறு பாகை திரும்பி நின்று மீண்டும் ஒருமுறையும் வீசுங்கள். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் இலக்கு. இதில் அவசரப்பட்டால், சிறிய குழி போதுமான இடத்தில் தட்டளவு குழி விழும். பொருள் ஐந்து சென்டிமீட்டருக்குள் இருப்பதாகத் தெரிந்தால் வெட்டவே வேண்டியதில்லை: திருப்புளியால் புல்லை மெல்லக் கீறி, நாணயத்தை அடியிலிருந்து நெம்பி வெளியே எடுத்து, பிளவை விரல்களால் நெருக்கி மூடிவிடலாம்.

ஆழத்தில் இருந்தால் மட்டுமே புல்லை வேரும் மண்ணுமாக ஒரு பத்தையாக வெட்ட வேண்டும். இலக்கை நடுவில் வைத்து, சுமார் பத்து சென்டிமீட்டர் அகலத்தில், குதிரை லாட வடிவில் வெட்டுங்கள். நான்காம் பக்கத்தை வெட்டாமல் விட்டால் அது பெட்டி மூடியின் கீல்போல் நின்று, வேர்களில் ஒரு பகுதியைத் தாய்மண்ணோடு இணைத்து வைத்திருக்கும், பத்தையும் முன்பிருந்த திசையிலேயே திரும்பிப் படியும். கைத்தோண்டி செங்குத்தாக இறங்க வேண்டும். எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் ஆழமாவது போனால்தான் வேர்களும் அவற்றைப் பிடித்திருக்கும் மண்ணும் உதிராமல் ஒரே கட்டியாக எழும். புதிதாகத் தொடங்குபவர்கள் சேதம் குறையும் என்று எண்ணி மெல்லியதாகச் சீவுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெல்லிய பத்தையே முதலில் காய்ந்து சாகிறது.

பத்தையை மடக்கித் திறந்ததும், உதிரி மண்ணைப் புல்மேல் கொட்டாமல் துணியில் குவியுங்கள். பின்பாயிண்டரால் முதலில் பத்தையின் அடிப்பகுதியையும் பிறகு குழியையும் தடவிப் பார்த்தால், தேவைக்கு மேல் தோண்ட நேராது. பொருளை எடுத்த பின்பும் ஒருமுறை சோதியுங்கள், அருகில் இன்னொரு நாணயம் இருக்கலாம். பின்னர் துணியிலுள்ள மண் முழுவதையும் குழியில் சரித்து, பத்தையைக் கீழே மடக்கி, காலால் அழுத்தி, தண்ணீர் ஊற்றி, புல்லின் தாள்களை விரல்களால் கோதி நிமிர்த்திவிடுங்கள்.

கிடைப்பதில் பெரும்பகுதி குப்பையாகவே இருக்கும். குளிர்பான டின்களிலிருந்து பிய்த்தெறியப்பட்ட அலுமினிய வளையங்கள் பல சமயம் தங்க மோதிரத்தின் ஒலியையே தருவதால், அவற்றையும் தோண்டித்தான் ஆக வேண்டும். எடுத்ததை மறுபடி புதைக்காமல் பையில் போடுங்கள். 1964 வரை புழக்கத்துக்கு அச்சான டைம் (10 சென்ட்), குவார்ட்டர் (25 சென்ட்) நாணயங்களில் 90 விழுக்காடு வெள்ளி உண்டு என்பது இந்தச் சலிப்புக்கு ஓர் ஆறுதல். பெயர் பொறித்த மோதிரமோ விலையுயர்ந்த நகையோ கிடைத்தால், அந்த ஊர் விதிப்படி பூங்கா அலுவலகத்திலோ காவல் நிலையத்திலோ ஒப்படையுங்கள். பீரங்கிக் குண்டு போன்ற எதுவும் தென்பட்டால் தொடாமல் விலகி, அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள்.

பத்து நாள் கழித்து அதே வழியாக நடந்து பாருங்கள். வட்டம் பழுத்திருந்தால் பத்தை மெல்லியதாக இருந்திருக்கும், அல்லது தண்ணீர் போதாமல் போயிருக்கும். பள்ளமாக இறங்கியிருந்தால் மண்ணைத் துணியில் சேர்க்காமல் சிதறவிட்டிருப்பீர்கள். ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துச் சென்று அதை நிரப்பிவிட்டு வாருங்கள்.